ஹாரன் அடித்தது நான் இல்லை

மே 2, வெள்ளி

இன்று முதியோர் எழுத்து வகுப்பில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். தினமும் கொஞ்சமாவது எழுத வேண்டுமாம். "என்னத்த எழுதறது டீச்சர்?" என்று கேட்டேன். "யார்கிட்டயும் சொல்ல முடியாததை எழுதுங்க ஐயா" என்றார்.

என்னிடம் அப்படி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிற ஆள் நான். இருந்தாலும் எழுதுகிறேன். சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதறீங்க?"

"உன்னைப் பத்தித்தான்."

"நல்லதாவா?"

"இன்னும் அந்த இடம் வரல."

"அது வர்றதுக்குள்ள சாப்பாடு ஆறிடும். எழுந்திரிங்க."

மே 5, திங்கள்

மாடிப்படிக்குக் கீழே சுவரில் எழுதியிருப்பதைப் படித்தேன். "இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது." இந்த வீட்டுக்குக் குடி வந்ததிலிருந்து அங்கேதான் நிறுத்துகிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. உடனே சைக்கிளை எடுத்து வேறு இடத்தில் நிறுத்தினேன்.

மே 9, வெள்ளி

வயிறு எரிகிறது. எழுதி முடித்தால்தான் அடங்கும்.

வகுப்புக்குப் போகிற வழியில் பூங்கா. வருஷா வருஷம் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை அங்கே ஜாஸ் விழா நடக்கும். இது நாற்பதாவது வருஷம் என்று விழாவின் வரலாற்றைப் பலகைகளில் எழுதி வேலியோரம் நிறுத்தியிருக்கிறார்கள். ஆள் உயரப் பலகைகள், படங்களோடு. நடைபாதையில் நின்று படிக்க ஆரம்பித்தேன். யார் உதவியும் இல்லாமல், தெருவில் நின்று, நான் முழுதாகப் படித்த முதல் பெரிய எழுத்து இது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கடைசிப் பலகை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். நான் இன்னும் முதல் பலகையில் இருந்தேன். எனக்கு என்ன அவசரம்?

முதல் பலகை: இந்த விழா, பெரிய விடுதியின் உரிமையாளர் கண்ட கனவு. சரி, காணட்டும். இரண்டாவது பலகை. அதில் நான் இருக்கிறேன்!

"முதலாம் ஆண்டில், அவ்வழியே வந்த பேருந்தின் ஓட்டுநர் இசையில் மெய்மறந்து, தம் ஹாரனை ஒலித்து டிரம்பெட்டுக்கு மறுமொழி கூறினார். நடத்துநரோ தம் டிக்கெட் துளைக்கும் கருவியால் தாளமிட்டார். அந்த இனிய உரையாடலே இன்றளவும் விழாவின் தொடக்கமாக விளங்குகிறது."

மூன்று முறை படித்தேன். என் படிப்பில்தான் தப்போ என்று.

நானா? மெய்மறந்தேனா? நான் அந்த ஹாரனைத் தொடவே இல்லை. கடலை தின்றுகொண்டிருந்தேன்! அப்புறம் அந்தக் கண்டக்டர் — பின் சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியவன் — தாளம் போட்டானாம், தாளம்!

வகுப்புக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். எத்தனை வருஷம் இந்தப் பூங்காவை எவ்வளவு நிம்மதியாகக் கடந்து போயிருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டால், எடுத்த எடுப்பில் பொய். அதுவும் என்னைப் பற்றியே.

மே 10, சனி

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதுவும் எழுத்துதானே. பலகையில் ஏறினால்தான் எழுத்தா?

அப்போது நான் ஏழாம் நம்பர் பஸ் ஓட்டினேன். எண் தெரியும், எழுத்து தெரியாது. ஊர்ப் பெயர்ப் பலகையைக் கண்டக்டர் பார்த்து மாட்டுவான். கடைசி நிறுத்தத்தில் பஸ் திரும்ப ஒரு வட்டத் திடல் உண்டு. விடுதியில் வாசித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரை, சாப்பிட வருகிறவர்களுக்குக் காது வலிக்கிறது என்று விடுதிக்காரர் அன்று வெளியே அனுப்பிவிட்டார். (கனவு கண்டாராம்!) ஒரு டிரம்பெட், ஒரு சாக்ஸபோன், டிரம்ஸ், இன்னும் யாரோ. கோடைச் சாயங்காலம். வீட்டுக்குள் புழுக்கம். ஜனங்கள் காற்று வாங்க அந்தத் திடலுக்குத்தான் வருவார்கள். இவர்களும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. என் பஸ் திரும்ப வழியில்லை.

நான் இன்ஜினை அணைத்தேன். ஹாரன் அடித்துக் கலைகிற கூட்டம் எது, கலையாத கூட்டம் எது என்று டிரைவருக்குத் தெரியும். இது கலையாத கூட்டம். கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்போது என் இருக்கைக்கு நேர் பின்னாலிருந்து ஒரு குரல்:

"நீங்க டிரைவரா, இல்ல பஸ்ஸோட சேர்த்துக் குடுத்த பொம்மையா?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. நேரம் தப்பினால் மேற்பார்வையாளர் கதவைப் பூட்டிவிடுவாராம்.

"கூட்டம் கலையட்டும்மா."

"நீங்க கடலையத் தின்னு முடிச்சா கலைஞ்சிடுமா?"

சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேல் கையை நீட்டினாள். பழைய பஸ். ஜன்னலோரம் ரப்பர் குமிழ் வைத்த ஹாரன். நாங்களே உள்ளங்கை முழுவதையும் வைத்து அமுக்க வேண்டும். அவள் ஈரப் போர்வைகளைப் பிழிகிறவள். ஒரே பிழி. அந்த ஹாரனுக்குள் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

நீளமாக இரண்டு. வெடுக்கென்று மூன்று. மறுபடி நீளமாக ஒன்று.

டிரம்பெட்காரர் திரும்பிப் பார்த்தார். அதே மாதிரி ஊதினார். ஜனம் சிரித்தது. அவளுக்குக் கோபம் ஏறியது, மறுபடி பிழிந்தாள். அவர் மறுபடி ஊதினார். அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. கூட்டம் கலைவதற்குப் பதிலாக இன்னும் பெருகியது. கடைசியில் அவள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, இறங்கி நடந்தே போனாள். கதவு பூட்டியிருந்தது. அந்த ராத்திரி அவளுக்கு வேலை இல்லை.

இது எந்தப் பலகையிலாவது இருக்கிறதா?

அந்தக் கோபக்காரிதான் இப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் கல்யாணம் வேறு கதை. கை ஓய்ந்த நாளில் எழுதுகிறேன்.

பலகையைப் பற்றி அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"இப்ப என்னங்க? என்னைப் பத்திப் போட்டா அடுப்புல சோறு தானா வெந்துடுமா?"

"அதுக்காக நான் அடிச்சேன்னு போடறதா?"

"நீங்க எதையாவது செஞ்சீங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காங்க. வெச்சுக்கோங்களேன்."

மே 12, திங்கள்

கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். எதிர் வீட்டுக் கீழ்த்தளம். முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"வாய்யா டிரைவரே! பலகை படிச்சியா? எப்படி இருக்கு நம்ம கதை?"

"நீதான் சொன்னியா?"

"பின்ன? விழாச் செயலாளரம்மா வீடு தேடி வந்து, எதிர்ல உட்கார்ந்து, ரெக்கார்டு பண்ணிக்கிட்டுப் போனாங்க. சும்மா விடுவேனா?"

"நீ தூங்கிட்டுல்ல இருந்தே!"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்யா தாளம் போடுவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சோப்பு நுரையை எடுத்து அவன் வாயிலேயே பூசியிருப்பேன். "அவளை ஏன்டா சொல்லல?" என்றேன். அப்போதுதான் சவரக் கத்தியைக் கீழே வைத்தான்.

"டிப்போவுல அன்னைக்கு விசாரிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? பயணி ஹாரனைத் தொட்டாங்கன்னு சொல்லியிருந்தா மறுநாள் உனக்கு பஸ் இருந்திருக்குமா? டிரைவர்தான் அடிச்சார்னு எழுதிக் குடுத்தேன். அதையேதான் இன்னைக்கு வரைக்கும் சொல்றேன். இப்ப மாத்திச் சொன்னா நான் பொய்யனாயிடுவேன்ல?"

"இப்ப மட்டும் நீ யாரு?"

"பலகையில ஏறின பொய்யன். உனக்குப் பொறாமை."

எழுந்து வந்துவிட்டேன்.

அவன் அன்று சொன்ன பொய்யில்தான் நான் பென்ஷன் வரை வந்தேன். அது எனக்குத் தெரியாதா? ஆனால் மழை நின்ற பிறகும் குடையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டுமா? டிப்போவே இடித்தாயிற்று. இனி யாரிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறான்?

இன்னொன்றும் நினைத்தேன், தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் செய்தித்தாள், நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம் எனக்குப் படித்துச் சொன்னது இவன்தான். அதில் எவ்வளவு உண்மையிலேயே எழுதியிருந்தது? எவ்வளவு இவன் தாளம்?

மே 14, புதன்

கண்டக்டரோடு பேச்சில்லை. எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். செடி மூழ்கிவிட்டது.

மே 15, வியாழன்

செய்துவிட்டேன்.

தடித்த மை போடுகிற பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு காலையிலேயே பூங்காவுக்குப் போனேன். இரண்டாவது பலகையில் "ஓட்டுநர்" என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே "நான் அடிக்கவில்லை" என்று எழுத ஆரம்பித்தேன்.

திருட்டு வேலைக்கு வேகமான கை வேண்டும். என் கை அப்படியா? சுழிக்க வேண்டிய இடத்தில் சுழித்து, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, ஒரு சொல் முடிப்பதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். காய்கறிப் பையோடு ஒரு அம்மா, "அப்புறம்?" என்று அடுத்த சொல்லுக்காகவே காத்திருந்தார். எனக்கும் அவசரமாக எழுத மனசில்லை. பொது இடத்தில் நான் எழுதுகிற முதல் எழுத்து. கோணலாக இருக்கலாமா?

பூங்கா வாட்ச்மேன் ஓடி வந்தார். படித்தார். முகம் மாறியது.

"யாரை அடிக்கல? என்ன பெரியவரே, போலீஸ் கேஸா?"

"ஹாரன்யா, ஹாரன்!"

"அடிக்கலைன்னா அடிக்கலைன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க. பலகையில ஏன் சொல்றீங்க?"

விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. என் வீடு எது என்று கேட்டார். மறைக்கவில்லை. நான் என்ன பயந்தா எழுதினேன்?

எழுத்து நன்றாக வந்திருந்தது. திரும்பும்போது இரண்டு தடவை நின்று பார்த்தேன்.

மே 17, சனி

விழாச் செயலாளரம்மா வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல பெண்தான், அதனால்தான் இன்னும் எரிச்சல். கோபித்துக்கொண்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பேன்.

"ஐயா, உங்களைப் பெருமைப்படுத்தித்தானே எழுதியிருக்கோம்?"

"என் சட்டை இல்லம்மா அது. அழகா இருக்குன்னு அடுத்தவங்க சட்டையைப் போட்டுக்க முடியுமா?"

அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "இவருக்கு எழுதத் தெரிஞ்சதுல இருந்து இப்படித்தான்மா. வீட்டுக் காலண்டர்லகூட இடம் விடல. மன்னிச்சிடுங்க" என்றாள். யாருக்காக நான் போய்ப் பலகையில் எழுதினேனோ அவளே எனக்காக மன்னிப்புக் கேட்கிறாள்!

நான் நடந்ததைச் சொன்னேன். செயலாளரம்மா கவனமாகக் கேட்டார். கடைசியில், "இதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா ஐயா?" என்றார்.

தேநீர்த் தட்டோடு நின்றவளைக் காட்டினேன். "இதோ நிக்குது."

"நான் ஆதாரமா?" என்றாள் அவள். "போன வாரம் வரைக்கும் ஆள்னு நினைச்சிட்டிருந்தேன்."

செயலாளரம்மா சிரித்துவிட்டார். ஆனால் பலகை வாசகங்களை விடுதிக்காரர்கள்தான் பார்த்து ஒப்புக்கொண்டார்களாம். விழாவுக்கு முன்னால் மாற்ற முடியாதாம். போகும்போது ஒரு விஷயம் சொன்னார். அந்த முதல் டிரம்பெட்காரர் இன்னும் இருக்கிறார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மகள் வீட்டில். "அவரும் உங்க மாதிரியே சொன்னா, நான் எடுத்துப் பேசறேன்" என்றார்.

மாதிரியாவது! நான் சொல்வது மாதிரி இல்லை, நடந்தது.

மே 20, செவ்வாய்

டிரம்பெட்காரரைப் பார்த்தேன். கன்னம் என்றுதான் அந்தக் காலத்தில் அவரைக் கூப்பிடுவார்கள். ஊதும்போது இரண்டு பக்கமும் பந்து மாதிரி உப்பும். இப்போது அந்தக் கன்னங்கள் உள்ளே போய்விட்டன. பல் எல்லாம் விழுந்து, பல்செட். டிரம்பெட் ஊத முடியாதாம். பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"ஏழாம் நம்பர் டிரைவர்" என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க அடிக்கலையே."

நான் எதுவும் சொல்லாமலே! அந்த நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவே மனசில்லை.

"எப்படித் தெரியும்?"

"டிரைவர் அடிச்சா 'தள்ளு'ன்னு கேக்கும். இது திட்டுச்சு. ரெண்டு நீளத்துல எங்கம்மாவைத் திட்டுச்சு, மூணு குட்டையில என்னைத் திட்டுச்சு. அதான் நானும் பதிலுக்குத் திட்டினேன். அன்னைக்குத்தான் ஒருத்தன் விடுதியை விட்டுத் துரத்தியிருந்தான். யார் மேல காட்டறதுன்னு இருந்தேன். ஹாரன் வந்து மாட்டுச்சு. அந்தச் சண்டைதான்யா எங்க முதல் நல்ல வாசிப்பு."

வருஷா வருஷம் நடப்பதையும் சொன்னார். அடுத்த கோடையில் அதே நாளில் அதே திடலில் கூடினார்கள். பிறகு பூங்காவுக்குப் போனார்கள். பழைய பஸ்களை உடைத்தபோது அந்த ஹாரனை இவர் கேட்டு வாங்கி, ஒரு மரக்காலில் பொருத்தினார். விடுதிக்காரர் பிற்பாடு பந்தலும் நாற்காலியும் கொடுத்தார், கூடவே தன் பெயரையும் கொடுத்தார். அதிலிருந்து யாராவது பெரிய மனிதர்தான் ஹாரனை அமுக்கித் தொடங்கி வைப்பது. "ஒருத்தருக்கும் கையில வலு கிடையாது. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அதுக்கு நான் எப்படிய்யா பதில் சொல்றது? பூனை தும்மினா பதில் சொல்வாங்களா?"

உண்மைதான். நான் வேலையில் இருந்தவரை விழா நாளில் எப்போதும் கூடுதல் வண்டி ஓட்டுவேன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் மாடியிலிருந்துதான் கேட்போம். புஸ். அப்புறம் கைதட்டல். அதைக் கேட்டதும் அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு வருஷம்கூட அதற்குப் பிறகு என்ன வாசித்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

மே 21, புதன்

கன்னம் சொன்னதை அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"திட்டினாரா? என்னையா?"

"ஆமா."

"நான் பாட்டுன்னுல்ல நினைச்சேன்! பாவம், ஏதோ பாடறாரு, நாமதான் கோபப்பட்டுட்டோம்னு இத்தனை வருஷமா... திட்டிட்டுப் போயிருக்காரு மனுஷன்!"

இரவு சாப்பாட்டிலும் அதேதான். "என்னைத் திட்ட அவர் யாரு? வழியை மறிச்சது அவங்க. ஒரு ராத்திரி வேலை போனது எனக்கு." எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இத்தனை நாளாக இந்தக் கோபத்தை நான் ஒருவனே சுமந்துகொண்டிருந்தேன். இப்போது ஆளுக்கொரு கைப்பிடி.

மே 26, திங்கள்

குளியலறையில் ஈரப் போர்வையைப் பிழிந்து பார்த்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கிய கை. "பத்தாது" என்றாள். மறுபடி நனைத்தாள்.

மே 29, வியாழன்

செயலாளரம்மா வந்து முன்வரிசைக்கு இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்தார். கன்னத்தைப் போய்ப் பார்த்தாராம். "அவர் பேசினதைக் கேட்டேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். தொடங்கி வைப்பது விடுதிக்காரரின் பேரன் என்பது முடிவாகிவிட்டதாம். அதை அவரால் மாற்ற முடியவில்லை.

இரண்டு சீட்டு கொடுத்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோமா? வாங்கி வைத்துக்கொண்டேன். படித்துப் பார்த்தேன். சீட்டில் பொய் எதுவும் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். கோபமாக இருக்கும்போது அவள் நன்றாகத் தலை வாரிக்கொள்வாள். பூங்கா நிறைய ஜனம். எங்களுக்கு மூன்று வரிசை பின்னால் கண்டக்டர் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து அரைச் சிரிப்பு சிரித்தான். நான் கால் சிரிப்பு கொடுத்தேன்.

மேடையில் அந்த ஹாரன். மரக்காலில், பித்தளை பளபளக்க. பக்கத்தில் ஒரு நாற்காலியில் கன்னம், மைக் முன்னால். அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் விடுதிக்காரரின் பேரன் வந்தார். சும்மா சொல்லக் கூடாது, பணிவான பையன். பலகையில் எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தார். மெய்மறந்த ஓட்டுநர், தாளமிட்ட நடத்துநர். எனக்குக் காதோரம் சுட்டது. அப்புறம் ஹாரனை அமுக்கினார்.

புஸ்.

கைதட்டினார்கள். கன்னம் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது இல்ல" என்றார். கைதட்டல் நின்றது. "அன்னைக்கு அடிச்சது ஒரு அம்மா. ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டிருந்தவங்க. வந்திருக்காங்களா?"

நான் பக்கத்தில் பார்த்தேன். இருக்கை காலி. ஏற்கெனவே மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பையை அந்தப் பேரனிடம், "கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஒரு கையால் அமுக்கிப் பார்த்தாள். புஸ் என்றுதான் வந்தது. ஜனத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

இரண்டு கையையும் வைத்தாள். போர்வை பிழிகிற மாதிரி தோளையும் சேர்த்துக் கொடுத்தாள்.

நீளமாக இரண்டு. வெடுக்கென்று மூன்று. நீளமாக ஒன்று.

அதே சத்தம். மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிப் பறந்தது. கன்னத்திடம் டிரம்பெட் இல்லை. வாயாலேயே திருப்பிக் கொடுத்தார் — "பாஆ பாஆ, பபப், பாஆஆ!" — பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். அவள் மறுபடி பிழிந்தாள். அவர் மறுபடி. இந்தத் தடவை அவர் ஒன்று கூடச் சேர்த்தார். அவளும் ஒன்று கூடச் சேர்த்தாள். பேச்சே இல்லாமல் ஒரு வசவு பாக்கியில்லை. அவள் முகம் சிவந்து, வியர்த்து — அன்று பஸ்ஸில் என் தோளுக்கு மேல் பார்த்த அதே முகம். ஜனம் அன்று சிரித்த மாதிரியே சிரித்தது.

அடுத்த பிழியில் டப் என்று ஒரு சத்தம். குமிழ் கிழிந்துவிட்டது. நாற்பது வருஷ ரப்பர், பாவம், அதுதான் எவ்வளவு தாங்கும்?

செயலாளரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் கிழிந்த ரப்பரைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள்.

"உங்க பக்கம்தான் நியாயம்மா" என்றார் கன்னம், பல் இல்லாத வாயால், மைக்கில்.

அந்த இடத்திலிருந்து டிரம்ஸ்காரர் எடுத்தார். பிறகு சாக்ஸபோன். அவள் விட்ட அந்த மூன்று குட்டையை வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் போனார்கள்! ஒருத்தர் கேட்க, ஒருத்தர் மறுக்க, இன்னொருத்தர் நடுவில் புகுந்து சமாதானம் பேச, அவரையும் சேர்த்து இரண்டு பேரும் ஏச. எங்கள் வீட்டில் நடப்பதுதான். இதையா நான் இத்தனை கோடையாக ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்காமல் இருந்தேன்?

பின்னாலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். திரும்பினேன். கண்டக்டர் பழைய டிக்கெட் துளைக்கிற கருவியை எடுத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்துகொண்டு.

"இப்ப உண்மையாயிடுச்சுல்ல?" என்றான்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குறட்டை தாளத்தில்தான் இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

விரலெல்லாம் வீங்கி, சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருக்கிறாள். காய் நறுக்கும் வேலை எனக்கு. வாய் மட்டும் ஓயவில்லை.

ஜூன் 7, சனி

செயலாளரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். இரண்டாவது பலகையில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். இந்த மாதம் முழுக்கப் பலகைகள் அங்கேதான் இருக்குமாம். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டாமல், நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். அதுவே எனக்கு ஒரு பட்டம் வாங்கிய மாதிரி.

"அன்று ஹாரனை ஒலித்துப் பதில் பெற்றவர், பேருந்து ஓட்டுநரின் மனைவி."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இனிப்பு கொடுத்த மாதிரி மலரும் என்று நினைத்தேன்.

"யாரு மனைவி?"

"நீதான்."

"அன்னைக்கு நான் உங்க மனைவியா? நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது! டிக்கெட் வாங்கிட்டு ஏறினவ நான். வேலைக்குப் போயிட்டிருந்தவ. சலவைக்கூடம்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"கதவைப் பூட்டினது?"

"இல்ல."

"அப்ப இது யாரைப் பத்தி?"

சோறு வேகுமா என்று கேட்டவள் இவள்தான். பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குரல் ஏறியிருந்தது.

"உங்ககிட்ட அந்தத் தடிப் பேனா இருக்கா?"

"இருக்கு. சொல்லு, எழுதறேன்."

"நீங்க எழுதினா அது நீங்க எழுதினதுதானே" என்றாள். விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள். என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று வகுப்புக்கு இரண்டு பேராகப் போனோம். டீச்சர் அவளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார். முதல் கோட்டிலேயே முனை உடைந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.